வைவாவுக்குப் பயப்படாத பூதங்கள்

ஒரு சின்ன கேள்வி. 1933-ல் வந்த 'கிங் காங்' படத்தில், நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் நின்னுக்கிட்டு விமானங்களைக் கையால் விரட்டுமே ஒரு ராட்சசக் குரங்கு, அதோட நிஜ உயரம் என்ன தெரியுமா? இருபது அடி, ஐம்பது அடி எல்லாம் இல்லை பாஸ். ரெண்டே அடி. தீவுக் காட்சிகளுக்காகச் செய்த பொம்மை இன்னும் குட்டி, வெறும் 18 அங்குலம். உங்க ஹாஸ்டல் ரூம் டேபிள் ஃபேன் பக்கத்தில் நிற்க வைத்தால் ஃபேன்தான் பெருசா தெரியும்.

அந்தப் பொம்மைக்குள் ஓர் உலோக எலும்புக்கூடு. மூட்டுக்கு மூட்டு பால் அண்ட் சாக்கெட். அதன் மேல் ரப்பர், பஞ்சு, கடைசியில் முயல் தோல். செய்தவர் மார்செல் டெல்காடோ. உயிர் கொடுத்தவர் வில்லிஸ் ஓ'பிரையன். கையைக் கொஞ்சூண்டு நகர்த்து, ஒரு ஃப்ரேம் எடு. மறுபடி கொஞ்சூண்டு நகர்த்து, இன்னொரு ஃப்ரேம் எடு. இப்படி 24 தடவை செய்தால் ஒரு வினாடி. ஒரு நிமிஷத்துக்கு 1440 தடவை. இதுதான் ஸ்டாப் மோஷன். படத்தை இப்போ போட்டுப் பார்த்தீங்கன்னா காங்கோட ரோமம் காரணமே இல்லாமல் சிலிர்த்துக்கிட்டே இருக்கும். காற்று அடிக்கிற எஃபெக்ட் இல்லை அது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவில் பொம்மையைத் தொட்ட விரல்களின் தடம். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனுஷன் அந்தப் பொம்மையை எங்கெங்கே பிடிச்சான்னு இன்னைக்கும் திரையில் தெரியுது.

இதை ஏன் இப்போ பேசறேன்னா, நம்ம கல்சுரல்ஸ் குறும்படப் போட்டி. 'சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ்'னு ஒரே ஒரு பரிசு வெச்சிருக்காங்க. அதில் ஏஐ கொண்டு உருவாக்கின வீடியோவைச் சேர்க்கலாமா கூடாதான்னு வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை ஓடுது. ஒரு கோஷ்டி "தடை பண்ணு"ங்குது. இன்னொரு கோஷ்டி "காலம் மாறிடுச்சு மச்சி, நீயும் மாறு"ங்குது. என் கட்சி வேற. ஏஐ படங்களுக்குத் தடை வேண்டாம். ஆனா கையால் செய்யற படங்களுக்குத் தனிப் பிரிவு வேணும், தனிப் பரிசு வேணும். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் சுத்தி வளைச்சு, சேலம் வழியா வரணும். பொறுத்துக்கோங்க.

நியூட்டன் லீவு எடுத்த இடம்

முதல்ல கொஞ்சம் பிசிக்ஸ். பயப்படாதீங்க, பிளஸ் டூ பிசிக்ஸ்தான்.

2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ சுமார் 0.64 வினாடி ஆகும். 50 மீட்டரிலிருந்து விழ சுமார் 3.2 வினாடி. உயரம் 25 மடங்கு, நேரம் 5 மடங்கு. அதாவது நேரம், உயரத்தின் வர்க்கமூலத்தோடு போகுது. 1954-ல் ஜப்பானில் 'காட்ஸில்லா' எடுத்தப்போ ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிபுணர் எய்ஜி சுபுராயாவுக்கு 'கிங் காங்' மாதிரி ஸ்டாப் மோஷனில் பண்ணணும்னுதான் ஆசை. அதுக்கான நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் ஹருவோ நாகாஜிமா என்ற நடிகரைச் சுமார் 100 கிலோ எடையுள்ள ரப்பர் உடைக்குள் நுழைத்து, குட்டி டோக்கியோ ஒன்றைக் கட்டி, அதை மிதிக்க விட்டார். படத்தில் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். உடைக்குள் இருக்கிற மனுஷன் ரெண்டு மீட்டர்னு வெச்சுக்கோங்க. மேலே போட்ட கணக்குப்படி கேமராவை 5 மடங்கு வேகத்தில் ஓட்டி, சாதாரண வேகத்தில் போட்டுக் காட்டினால்தான் அவன் 50 மீட்டர் ஆளா தெரிவான். கேமராவை வேகமாக ஓட்டி மெதுவாகக் காட்டுற அந்த வித்தையாலதான் காட்ஸில்லாவின் நடைக்கும் சரியும் கட்டடங்களுக்கும் எடை வந்தது.

ஸ்டாப் மோஷனில் இந்த வசதியும் கிடையாது. பொம்மை தானாக விழவே விழாது, கம்பியில் தொங்கிக்கிட்டிருக்கும். புவியீர்ப்பு அங்கே லீவு. அனிமேட்டர்தான் புவியீர்ப்பா வேலை பார்க்கணும். 18 அடி காங் ஒரு பாறையிலிருந்து குதிக்குதுன்னு வெச்சுக்கோங்க. பொம்மை 18 அங்குலம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. முதல் ஃப்ரேமில் பொம்மையை 0.7 மில்லிமீட்டர் இறக்கணும். அடுத்ததில் 2.1. அதுக்கு அடுத்து 3.5. பிறகு 5. விகிதம் 1, 3, 5, 7. கலிலியோ கண்டுபிடிச்ச அதே ஒற்றைப்படை வரிசை. இதில் ஒரு ஃப்ரேம் பிசகினாலும், ஏன்னு சொல்லத் தெரியாத பாட்டி கூட "இது பொம்மைடா"ன்னு சொல்லிடுவாங்க. கண்ணுக்கு இயக்க விதிகள் மனப்பாடம். சூத்திரம்தான் தெரியாது.

ரே ஹாரிஹவுசன் இதில் பெரிய கை. 13 வயசில் 'கிங் காங்' பார்த்துட்டு வந்து வாழ்க்கை முழுக்க பூதங்களுக்கே எழுதிக் கொடுத்துட்டார். அவரோட அப்பா ஒரு மெஷினிஸ்ட். மகனோட பொம்மைகளுக்கு உலோக எலும்புக்கூடு கடைந்து கொடுத்தது அவர்தான். 1955-ல் ஒரு ராட்சச ஆக்டோபஸ் படம் எடுக்க பட்ஜெட் பத்தலை. எட்டுக் கைக்குப் பதிலா ஆறே கை வெச்சுப் பொம்மை செஞ்சு, கேமராவுக்கு முன்னாடி சாமர்த்தியமா ஒளிச்சு எடுத்துட்டார். நம்ம பாஷையில் காஸ்ட் ரிடக்‌ஷன். 1963-ல் வந்த 'ஜேசன் அண்ட் த ஆர்கனாட்ஸ்' படத்தில் மூணு வீரர்களோடு ஏழு எலும்புக்கூடுகள் வாள்சண்டை போடும். திரையில் சில நிமிஷம். எடுக்க நாலரை மாசம். எலும்புக்கூடு ஒண்ணுக்குத் தலை, ரெண்டு கை, ரெண்டு கால். ஏழுக்கும் சேர்த்து ஒரு ஃப்ரேமுக்கு 35 அசைவு. சில நாட்களில் காலையிலிருந்து ராத்திரி வரை உழைத்தும் 13 ஃப்ரேம்தான் தேறியது. அரை வினாடிக்குச் சற்று மேல். எந்த எலும்புக்கூடு எந்தக் கையை எந்தப் பக்கம் வீசிக்கிட்டிருந்ததுன்னு ஏழுத்துக்கும் தலையில் வெச்சிருக்கணும். அதற்கு நடுவில் போன் வந்தா அவ்வளவுதான்.

சேலத்து மாமூத்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். "இதெல்லாம் ஹாலிவுட் சமாச்சாரம், நமக்கும் இதுக்கும் என்ன?"ன்னு நினைச்சீங்கன்னா, 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க கம்பெனியோடு சேர்ந்து பூதப் படமே எடுத்திருக்கு. ஆங்கிலத்தில் 'த ஜங்கிள்', தமிழில் 'காடு'. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், இயக்குநர் வில்லியம் பெர்க், ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர்னு ஹாலிவுட் ஆட்கள், கூடவே நம்ம எம்.என்.நம்பியார். இந்தியாவில் எடுத்த முதல் அறிவியல் புனைவுப் படம்னு இதைச் சொல்றவங்க உண்டு.

கதை என்னன்னா, காட்டு யானைகள் மிரண்டு ஊருக்குள்ளே ஓடி வருது. ஏன் மிரளுதுன்னு தேடிப் போனா, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே அழிஞ்சுபோன மாமூத் என்ற ரோம யானைகள் அங்கே உயிரோட இருக்கு! அருமையான ஐடியா. இப்போ அந்த மாமூத்தை எப்படிக் காட்டினாங்கன்னு கேளுங்க. நிஜ யானைக்கு ரோமப் போர்வை போர்த்தி நடக்க விட்டாங்க.

சிரிங்க, நானும் சிரிச்சேன். ஆனா சிரிச்சு முடிச்சதும் யோசிச்சுப் பாருங்க. ஓ'பிரையனிடம் டைனோசர் இல்லை, ராட்சசக் குரங்கும் இல்லை. அதனால் பொம்மை செய்தே ஆகணும். நம்மகிட்டே யானை இருந்தது! யானையை வெச்சுக்கிட்டு எதுக்குப் பொம்மை செய்யணும்? தமிழ் சினிமா ஸ்டாப் மோஷன் பூதத்தைத் தவற விட்டதற்கு என் பார்வையில் இதுதான் பெரிய காரணம். கற்பனைப் பஞ்சம் இல்லை, மிருகப் பஞ்சம் இல்லாததுதான் பிரச்சனை. பின்னாடி வந்த சின்னப்பா தேவர் படங்களைப் பாருங்க. யானை, ஆடு எல்லாம் நிஜம். நடிக்க வைக்கப் பயிற்சியாளர் இருந்தால் போதும்.

கற்பனையும் கைத்திறனும் இல்லாத ஊர் இல்லை இது. 1957-ல் இதே சென்னையில், வடபழனி விஜயா வாஹினியில், கே.வி.ரெட்டி 'மாயா பஜார்' எடுத்தார். கேமரா மார்கஸ் பார்ட்லி. எஸ்.வி.ரங்காராவின் கடோத்கஜன் உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாகக் கிளம்பி அவன் வாய்க்குள்ளே போகும். இன்னைக்கும் டிவியில் போட்டா சின்னப் பசங்க சேனல் மாத்த விடமாட்டாங்க. கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் கேமராவுக்குள்ளேயும் செட்டிலேயும் செய்த தந்திரம்.

அப்புறம் 1963. ஹாரிஹவுசனின் ஏழு எலும்புக்கூடுகள் வந்த அதே வருஷம் ஏ.காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர், பானுமதி நடிச்ச 'கலை அரசி' வந்தது. வேற்றுக்கிரகத்துக்காரங்க பறக்கும் தட்டில் பூமிக்கு வந்து, பாடத் தெரிஞ்ச பெண்ணைக் கடத்திட்டுப் போறாங்க. ஏன்னா அவங்க கிரகத்தில் எல்லாம் இருக்கு, சங்கீதம் மட்டும் இல்லை. வேற்றுக்கிரகவாசியா வர்றது யாரு? 'காடு' படத்தில் நடிச்ச அதே நம்பியார்! மயிலாப்பூர் கச்சேரி சீசனைப் பார்த்துட்டுத்தான் அந்த ஏலியன்கள் வந்திருப்பாங்கன்னு நான் உறுதியா நம்பறேன். ஆனா இங்கேயும் ஏலியன்னா வித்தியாசமான டிரெஸ் போட்ட மனுஷன்தான். பொம்மை இல்லை.

இதில் வேடிக்கை என்னன்னா, இந்திய சினிமாவின் பிள்ளையார் சுழியிலேயே ஃப்ரேம் ஃப்ரேமா எடுக்கற வேலை இருக்கு. தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) எடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு பட்டாணி முளைச்சுச் செடியாகறதை ஒரு மாசத்துக்கு மேல் விட்டு விட்டு எடுத்துக் காட்டித்தான் பணம் போடுறவங்களை நம்ப வெச்சார். 1915-ல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தியே ஒரு குட்டிப் படம் எடுத்தார். ஆரம்பப் பாடத்தில் சென்டம் வாங்கிட்டு அதுக்கப்புறம் அந்தப் பேப்பரையே எழுதாம விட்டுட்டோம்.

ஆழ்வார்பேட்டைக்காரன் சொல்றேன்

நான் ஆழ்வார்பேட்டைப் பையன். அதனால் கொஞ்சம் ஏரியா பெருமை பேசிக்கறேன்.

எங்க எல்டாம்ஸ் சாலை ஆண்டவர் 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் அப்புவா வந்தார். இயக்கம் சிங்கீதம் சீனிவாசராவ். காலைப் பின்னாடி மடக்கிக் கட்டி, முட்டியில் பிரத்யேக ஷூ மாட்டி நடந்தது, கேமரா கோணத்தைச் சரிக்கட்டியது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். அதை இங்கே சொல்றதுக்குக் காரணம் உண்டு. அந்தப் படம் வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. இன்னமும் ஜனங்க "அந்த ஷாட்டை எப்படிடா எடுத்திருப்பாங்க?"ன்னு டீக்கடையில் பேசறாங்க. அதுக்கு அப்புறம் எத்தனையோ படங்களில் எத்தனையோ கோடிக்கு கிராஃபிக்ஸ் வந்துடுச்சு. அதைப் பத்தி யாராவது "எப்படி எடுத்தாங்க?"ன்னு கேட்கறாங்களா? "கம்ப்யூட்டர்ல பண்ணியிருப்பாங்க"ன்னு ஒரே வரியில் முடிஞ்சுடுது. கம்ப்யூட்டர்ல பண்றதும் லேசுப்பட்ட வேலை இல்லை, ராத்திரி பகலா உட்கார்ந்து பண்றாங்க. ஆனா பார்க்கறவங்களோட கேள்வி செத்துப்போச்சு. எனக்கு அதுதான் கவலை.

அதே ஏரியாவில், கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்ய கலாசார மையம் இருக்கு. திரைப்பட விழாப் படங்கள் போடற இடம்னு உங்களில் சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். ஸ்டாப் மோஷனில் ரஷ்யாக்காரங்க கொஞ்ச நஞ்சம் இல்லை. 1912-லேயே மாஸ்கோவில் ஸ்டாரெவிச் என்பவர் செத்த வண்டுகளுக்குக் கம்பிக் கால் வெச்சு, காதல், பொறாமை, கள்ளத் தொடர்புன்னு முழு மெகா சீரியலையும் ஒரு குறும்படமாக எடுத்துட்டார். 1935-ல் அலெக்சாண்டர் ப்துஷ்கோ 'புதிய கலிவர்' எடுத்தார். நிஜப் பையன் ஒருவன், சுற்றிலும் ஏகப்பட்ட பொம்மைகள். முகபாவம் மாறணும்னா தலையையே கழற்றி வேற தலை மாட்டுவாங்க.

அங்கிருந்து நடந்தே மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போயிடலாம். நவராத்திரிக்கு முன்னாடி அந்தத் தெரு முழுக்க கொலு பொம்மை. களிமண், காகிதக்கூழ், சாமி, செட்டியார் கடை, கிரிக்கெட் டீம் வரைக்கும் இருக்கும். புரசைவாக்கம் பக்கம் கொசப்பேட்டையில் பரம்பரையா பொம்மை செய்யறவங்க இருக்காங்க. தஞ்சாவூர் ஆட்டப் பொம்மையைப் பாருங்க. தலை தனியா, உடம்பு தனியா, ஒவ்வொண்ணும் ஒரு முனையில் சமநிலையா உட்கார்ந்து ஆடும். எடைமையம் பத்தி ஒரு செமஸ்டர் பாடத்தை ஒரு பொம்மைக்குள்ளே அடைச்சு வெச்சிருக்காங்க. இவ்வளவு பொம்மை தெரிஞ்ச ஊரில், பொம்மைக்குள்ளே ஒரு கம்பியை வெச்சு அதை நடக்க விடணும்னு சினிமாக்காரங்களுக்குத் தோணலையேன்னு எனக்கு ஆதங்கம்.

நேரா கடைசி செமஸ்டருக்கு

நம்ம ஊர் சினிமா அந்தப் படியைத் தாண்டிக் குதிச்சு நேரா கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு. அதிலும் சும்மா போகலை. 2000-ல் சென்னை பென்டாமீடியா கிராஃபிக்ஸ் தயாரிப்பில் 'சிந்துபாத்' அனிமேஷன் படம் வந்தது. முழுக்க மோஷன் கேப்சரில் எடுத்த முதல் முழுநீளப் படம்னு சொல்லப்படுது. 1958-ல் ஹாரிஹவுசன் ஒற்றை ஆளா கையால் நகர்த்தி எடுத்த அதே சிந்துபாத்! நம்ம ஊர்க்காரங்க தொழில்நுட்பத்தில் உலகத்துக்கே முன்னாடி போய் நின்னாங்க. ஆனா இன்னைக்கு உங்க வகுப்பில் எத்தனை பேருக்கு அந்தப் படத்தின் பேர் தெரியும்? ஹாரிஹவுசனின் ஒற்றைக்கண் அரக்கனை மட்டும் இன்னமும் ஆட்கள் வீடியோ போட்டு அலசிக்கிட்டிருக்காங்க. கருவி முன்னாடி போச்சு. பொம்மைக்கு எடை கொடுக்கத் தெரிஞ்ச விரல் கூடவே போகலை. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வரலாம்.

விரலும் கருவியும் சேர்ந்தா என்ன ஆகும்னு பார்க்கணும்னா 1993-க்குப் போகணும். 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களை முதலில் பில் டிப்பெட் என்ற ஸ்டாப் மோஷன் ஆசாமிதான் பொம்மைகளை வெச்சு எடுக்கறதா இருந்தது. கம்ப்யூட்டரில் செய்த சோதனை ஓட்டத்தைப் பார்த்ததும், தன் தொழிலும் டைனோசர் மாதிரி அழிஞ்சுபோச்சுன்னு அவர் சொன்னாராம். கதை அங்கே முடியலை. கம்ப்யூட்டர் ஆட்களுக்கு மென்பொருள் தெரியும், மிருகம் எப்படி எடையைக் கால் மாத்திப் போடும்னு தெரியாது. ஸ்டாப் மோஷன் ஆட்களுக்கு அது அத்துப்படி, மென்பொருள் தெரியாது. அதனால் டிப்பெட் ஸ்டூடியோவில் ஒரு கருவி செஞ்சாங்க. டைனோசர் வடிவ உலோக எலும்புக்கூடு, மூட்டுக்கு மூட்டு சென்சார். அனிமேட்டர் பழையபடி கையால் நகர்த்துவார். ஒவ்வொரு மூட்டின் கோணமும் கம்ப்யூட்டருக்குப் போகும். திரையில் உள்ள டைனோசர் அதே மாதிரி அசையும். மெக்கானிக்கல், ஈசிஈ, கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணு பேரும் சேர்ந்து பண்ண வேண்டிய ஃபைனல் இயர் புராஜெக்ட் இது! அந்தப் படத்தில் உங்களை நடுங்க வெச்ச டைனோசர்களில் சிலதுக்குள்ளே பழைய ஸ்டாப் மோஷன்காரனின் கை இருக்கு.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்லுது?

"பத்து வினாடியில் ஏஐ ஒரு பூதத்தை வரைஞ்சு, நடக்க வெச்சு, கர்ஜிக்கவும் வெச்சுடும். நான் ஏன் ரெண்டு வாரம் களிமண்ணோடு மல்லுக்கட்டணும்?" நியாயமான கேள்வி. ஏஐ மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்ம அசைன்மென்ட் பாதி அதோட புண்ணியத்தில்தான் ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

என் பதில் ஒண்ணுதான். வைவா.

லேபில் ரீடிங் கரெக்டா இருந்தாலும் எக்ஸ்டர்னல் கேட்பாரே, "ஏம்ப்பா இங்கே கிராஃப் வளைஞ்சிருக்கு?"ன்னு. அந்த மாதிரி காங்கைப் பார்த்து "ஏன் இங்கே கை நடுங்குச்சு?"ன்னு கேட்டா ஓ'பிரையனிடம் பதில் இருக்கும். ஹாரிஹவுசனிடம் "நாலாவது எலும்புக்கூடு ஏன் பின்வாங்குச்சு?"ன்னு கேட்டா பதில் இருக்கும். ஏன்னா ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரு மனுஷன் ஒரு முடிவு எடுத்திருக்கான். ரோமம் போர்த்தின சேலத்து யானைக்குக் கூட "எங்களுக்கு இருந்த வசதி இவ்வளவுதான் சார், யானை இருந்தது, போர்வை இருந்தது"ன்னு ஒரு பதில் உண்டு. ஏஐ வீடியோவில் பூதத்தின் இடது கால் ஏன் வழுக்குச்சுன்னு கேட்டால், செஞ்சவன்கிட்டே இருக்கற ஒரே பதில் "தெரியல சார், இன்னொரு தடவை ஜெனரேட் பண்றேன்". வேலைக்குப் போனா ஒருவேளை அந்தப் பதில் செல்லுபடியாகலாம். படிக்கற காலத்தில் ஆகக் கூடாது. நாளைக்கு நாம கட்டப்போற பாலம், எழுதப்போற கோடு, எதுவா இருந்தாலும் "ஏன் இப்படி?"ன்னு ஒருத்தர் கேட்பார். அதுக்குப் பதில் சொல்லிப் பழகற இடம் காலேஜ்தான்.

இன்னொரு வாதம்: "இப்படி ஒரு தொழில் எங்கே இருக்கு? பிளேஸ்மென்ட் வருமா?" வராது, உண்மைதான். இன்டஸ்ட்ரி பெரும்பாலும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்தான். ஆனா கிராஃபிக்ஸ் ஸ்டூடியோவில் அனிமேட்டர் வேலைக்குப் போனால் அங்கே பார்க்கறதும் இதேதான்: பந்து விழும்போது எடை தெரியுதா, ஆள் நடக்கும்போது பாரம் கால் மாறுதா? மென்பொருளை ஆறு மாசத்தில் கத்துக்கலாம். கண்ணுக்குப் பழக்கம் வர, ஒரு தடவையாவது 0.7 மில்லிமீட்டரைக் கையால் நகர்த்திப் பார்க்கணும்.

மூணாவதா, "நிஜ மிருகத்தையே வெச்சு எடுத்த ஊர் இது, பொம்மை எதுக்கு?"ன்னு இப்போ யாரும் கேட்க முடியாது. இன்னைக்குப் படத்தில் யானையை நடிக்க வைக்கணும்னா விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேணும். வேண்டியதுதான். யானைக்குப் போர்வை போர்த்தி வெயிலில் ஓட விட்டது யானைக்கு எப்படி இருந்திருக்கும்? ஆக, 1952-ல் நம்மகிட்டே இருந்த குறுக்குவழி அடைபட்டாச்சு. இப்போதாவது பொம்மையைச் செஞ்சு பார்ப்போமே.

போட்டிக் குழுவுக்கு என் மனு

ஒரே பரிசுன்னு இருந்தா என்ன நடக்கும்னு சொல்லத் தேவையில்லை. பளபளன்னு பத்து ஏஐ படம் வரும். அதுக்கு நடுவில் களிமண் பூதத்தோடு ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு வந்து நின்னா, பரிசு கிடைக்காது. அடுத்த வருஷம் அவளும் வரமாட்டா. அதனால்:

தனிப் பிரிவு. பேர் 'கைவேலை'ன்னு வெச்சுக்கலாம். நீளம் 12 வினாடி போதும். வினாடிக்கு 12 படம் வீதம் மொத்தம் 144 படம். ரெண்டு பேர் ரெண்டு சனி, ஞாயிறு உட்கார்ந்தால் முடிஞ்சுடும். ஹார்டுவேர் கடையில் அலுமினியக் கம்பி, மூட்டை விட்டுட்டு மத்த இடத்தில் எம்-சீல், மேலே களிமண்ணோ பழைய துணியோ. ஒரு டிரைபாட், ஒரு டேபிள் லேம்ப், ரிச்சி தெருவில் கிடைக்கும். கேமரா உங்க போன். ஃப்ரேம் ஃப்ரேமா எடுக்க போனிலேயே ஆப் இருக்கு. ஜன்னலை மட்டும் மூடிடுங்க. வெயில் நகர நகர உங்க பூதத்தின் நிழலும் நகரும், அப்புறம் 12 வினாடிக்குள்ளே காலை விடிஞ்சு சாயங்காலம் ஆயிடும்.

கடைசியா, ரெண்டு பிரிவுக்கும் அஞ்சு நிமிஷம் வைவா. நடுவர் எந்த ஃப்ரேமில் வேணும்னாலும் நிறுத்தி "ஏன்?"னு கேட்கலாம். பதிலுக்கும் மார்க். ஏஐ படம் எடுத்தவங்களும் பதில் சொன்னால் தாராளமா ஜெயிக்கட்டும். தான் என்ன செஞ்சோம்னு தெரிஞ்சவன் எந்தக் கருவியில் செஞ்சா என்ன?

குழுவில் இருக்கறவங்க இதைப் படிச்சிட்டு ஒரு முடிவு சொல்லுங்க. நீங்க இதைப் படிக்கற சாதாரண வாசகரா இருந்தா, குரூப்பில் ஒரு ஓட்டு போடுங்க. ஓட்டு போட்ட கையோட கம்பி வாங்கவும் கிளம்புங்க. பூதத்துக்கு எத்தனை கால் வைக்கறதுன்னு யோசிக்கும்போது ஹாரிஹவுசனை நினைச்சுக்கோங்க. பட்ஜெட் இடிச்சா ரெண்டு காலைக் குறைச்சுக்கலாம்.